மருந்துக் கம்பெனி வேலையை உதறினார். 30 வயதில் 'கோச்' ஆனார்!

சம்பளம் இல்லாமல் சேர்ந்தவர், சாம்பியன் அணியின் தலைவராக உயர்ந்த கதை

"கோழி மேய்த்தாலும் கும்பெனியில் மேய்க்க வேண்டும்" என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் வாக்கு. நல்ல கம்பெனி, மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். இதை விட்டு விட்டு யாராவது சம்பளமே இல்லாத வேலைக்குப் போவார்களா?

போனார் ஒருவர். அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில். பெயர் பிராட் ஸ்டீவன்ஸ். அப்போது வயது 23.

ஏழு ஆண்டு கழித்து அவர் ஒரு பல்கலைக்கழக கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர். பத்தாவது ஆண்டில் தேசிய சாம்பியன் போட்டியின் பைனல். பதினோராவது ஆண்டில் மறுபடியும் பைனல். அப்புறம் உலகப் புகழ் பெற்ற பாஸ்டன் செல்டிக்ஸ் கிளப்பின் கோச். பிறகு அந்த கிளப்பின் கூடைப்பந்துப் பிரிவுக்கே தலைவர்!

இதெல்லாம் எப்படி நடந்தது? அதிர்ஷ்டமா, உழைப்பா? இரண்டும் உண்டு. எது எவ்வளவு என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

கூடையும் ஏணியும்

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை.

கூடைப்பந்து பிறந்தது 1891-ல். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் குளிர்காலத்தில் கட்டிடத்துக்கு உள்ளேயே ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். அவ்வளவுதான், ஆட்டம் தயார். ஒவ்வொரு தடவை பந்து விழும்போதும் ஏணி வைத்து ஏறி எடுத்தார்களாம்!

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1920-ல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய எச்.சி. பக் துரை அதே ஸ்பிரிங்பீல்டில் படித்தவர். இப்போதும் நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கல்லூரியைப் பார்க்கலாம்.

ஆனால் இண்டியானாவில் கூடைப்பந்து என்பது வெறும் விளையாட்டு அல்ல. நம் ஊரில் கிரிக்கெட்டும் சினிமாவும் சேர்ந்தால் எப்படியோ, அப்படி. கிராமத்துப் பள்ளிக்கூட மேட்சுக்குக் கூட ஊரே கடையை அடைத்து விட்டுப் போகும்.

1954-ல் மிலான் என்ற சின்ன ஊரின் பள்ளிக்கூடம், பெரிய நகரப் பள்ளி ஒன்றை 32-30 என்று கடைசி நொடியில் தோற்கடித்து மாநில சாம்பியன் ஆனது. அந்தப் பள்ளியில் மொத்த மாணவர்களே 161 பேர்தான்! அதைத் தழுவி 1986-ல் 'ஹூசியர்ஸ்' என்று ஹாலிவுட்டில் ஒரு படமே எடுத்தார்கள்.

அந்த மேட்ச் நடந்த இடம் இண்டியானாபோலிஸ் நகரில் பட்லர் பல்கலைக்கழகத்தின் உள் அரங்கம். 1928-ல் கட்டியது. இப்போது அதன் பெயர் 'ஹிங்கிள் பீல்டுஹவுஸ்'. நம் கதையும் அங்கேதான் நடக்கிறது.

கையில் டிகிரி, மனசில் பந்து

பிராட் ஸ்டீவன்ஸ் பிறந்தது 1976 அக்டோபர் 22-ந் தேதி. இண்டியானாபோலிஸ் பக்கத்தில் சயன்ஸ்வில் என்ற ஊரில் வளர்ந்தார். தந்தை டாக்டர். சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்ட குடும்பம் அல்ல. அதையும் சொல்லி விட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடினார். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் இழுத்துக் கொண்டு போகும் அளவுக்கு அல்ல. டெபா பல்கலைக்கழகம் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். அந்த வகைக் கல்லூரிகளில் ஆட்டத்துக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பது கிடையாது. ஆசைக்கு ஆட வேண்டியதுதான்.

கடைசி ஆண்டில் அணித் தலைவர். ஆனாலும் நட்சத்திர ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. ஒரு மேட்சுக்கு சராசரி 5 பாயிண்ட் சொச்சம். ஆட்டக்காரராகப் பிழைப்பு நடத்த முடியாது என்று அவருக்கே தெரியும்.

1999-ல் பொருளாதாரத்தில் பட்டம். உடனே வேலை கிடைத்தது. எங்கே? எலை லில்லி மருந்துக் கம்பெனியில்! 1876-ல் தொடங்கிய, உலகம் முழுக்க மருந்து விற்கிற கம்பெனி. தலைமை அலுவலகமே இண்டியானாபோலிசில்தான். மார்க்கெட்டிங் பிரிவில் உத்தியோகம். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, நல்ல சம்பளம், மேலே போக வழி.

இப்படி ஒரு பிள்ளைக்கு நம் ஊரில் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்!

ஆனால் மனசு ஆபீசில் இல்லை.

இரண்டு மணி நேர யோசனை

2000-ம் ஆண்டு. பட்லர் பல்கலைக்கழக அணிக்கு தாட் மாட்டா என்பவர் புதிதாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அங்கே சம்பளம் இல்லாமல், தொண்டர் மாதிரி, உதவிக்கு வர ஸ்டீவன்சுக்கு வாய்ப்பு வந்தது.

என்ன வேலை? சொன்னால் சிரிப்பு வரும். வீடியோ டேப் போட்டுப் பார்த்து எதிரணி எப்படி ஆடுகிறது என்று குறிப்பு எடுப்பது, கடிதத்துக்கு கவர் ஒட்டுவது, ஓடி ஆடி எடுபிடி செய்வது. இதற்காகக் கம்பெனி வேலையை விட வேண்டும்!

தன் காதலியிடம் சொன்னார். பின்னாளில் அவர் மனைவி ஆனவர். அந்தப் பெண் இரண்டு மணி நேரம் யோசித்தார். "போங்கள்" என்று சொல்லி விட்டார்.

அதோடு நிற்கவில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்து படிக்க ஆரம்பித்தார். ஏன்? கோச் வேலை கைகொடுக்காமல் போனால் வக்கீல் தொழிலாவது குடும்பத்தைக் காப்பாற்றுமே! இளம் ஜோடி கண்ணை மூடிக் கொண்டு கிணற்றில் குதிக்கவில்லை. கயிறு கட்டிக் கொண்டுதான் இறங்கியது. 2003-ல் கல்யாணம்.

ஸ்டீவன்சும் கணக்குப் போட்டார். நண்பர் வீட்டின் கீழ்த்தளத்தில் தங்குவது, சாயங்காலத்தில் ஓட்டலில் வேலை பார்த்துச் செலவைச் சரிக்கட்டுவது என்று ஏற்பாடு. பொருளாதாரம் படித்த பட்டதாரி ஓட்டலில் சர்வர்!

ஆனால் அந்த ஓட்டல் வேலைக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. பட்லர் அணியில் திடீரென்று ஒரு இடம் காலியானது. அணியின் நிர்வாக வேலைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் பதவி. சம்பளம் உண்டு. பக்கத்தில் நின்ற பையனையே கூப்பிட்டுக் கொடுத்து விட்டார்கள்.

அதிர்ஷ்டம்தான், சந்தேகம் இல்லை. ஆனால் காலி இடம் விழுந்த நேரத்தில் அந்த வாசலில் ஆள் நின்று கொண்டிருந்தாரே, அதுவும் முக்கியம்!

மூன்று பேர் போனார்கள்; ஒருவர் ஏறினார்

அமெரிக்கக் கல்லூரிகளில் கோச் உத்தியோகம் ஒரு ஏணி. அடிப்படியில் எடுபிடி. அடுத்தது நிர்வாக உதவியாளர். அதற்கு மேலே உதவிப் பயிற்சியாளர். சில இடங்களில் துணைப் பயிற்சியாளர். உச்சியில் தலைமைப் பயிற்சியாளர். உச்சியில் ஒரே ஒரு நாற்காலி.

முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகள் 350-க்கு மேல். ஆக தலைமை நாற்காலிகளும் அவ்வளவுதான். அதற்குக் காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். பலர் உதவியாளராகவே தலை நரைத்து வீட்டுக்குப் போகிறார்கள். நம் ஆபீசுகளில் ஹெட் கிளார்க் ஆகாமலே ரிட்டயர் ஆகிறவர்கள் இல்லையா, அது மாதிரி.

இந்த ஏணியில் ஏற ஒரே வழி, மேலே இருப்பவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பட்லரில் நடந்ததைப் பாருங்கள்.

2000-ல் பழைய கோச் பாரி காலியர் நெப்ராஸ்காவுக்குப் போனார். மாட்டா மேலே வந்தார். அடியில் ஸ்டீவன்ஸ் நுழைந்தார்.

2001-ல் மாட்டா சேவியர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவியாளர் டாட் லிக்லைட்டர் தலைமைக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் முழு நேர உதவிப் பயிற்சியாளர் ஆனார்.

2007-ல் லிக்லைட்டருக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருது கிடைத்தது. கையோடு அயோவா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கொண்டு போனது. பெரிய பல்கலைக்கழகம், பெரிய சம்பளம். பட்லரில் நாற்காலி காலி!

இதற்குள் பழைய பாரி காலியர் பட்லருக்கே திரும்பி வந்து விளையாட்டுத் துறை இயக்குனராக இருந்தார். அவர் வெளியூரில் பெரிய பெயர்களைத் தேடவில்லை. உள்ளே இருந்த உதவியாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். முடிவு செய்தார்.

2007 ஏப்ரல் 4-ந் தேதி அறிவிப்பு வந்தது. தலைமைப் பயிற்சியாளர்: பிராட் ஸ்டீவன்ஸ். வயது 30!

"இந்தப் பையனா?"

கேள்வி எழாமல் இருக்குமா? அணியின் மூத்த ஆட்டக்காரர்களுக்கு வயது 22. கோச்சுக்கு 30. முகத்தைப் பார்த்தாலோ மாணவர் மாதிரியே இருக்கும். தலைமைப் பதவியில் ஒரு மேட்ச் கூட அனுபவம் கிடையாது.

ஆனால் முதல் சீசனிலேயே 30 வெற்றி, 4 தோல்வி! அடுத்த ஆண்டு 26 வெற்றி, 6 தோல்வி. வாய் அடைத்தது.

இவர் பாணியே வேறு. கோச் என்றால் கத்த வேண்டும், நாற்காலியை உதைக்க வேண்டும், நடுவரோடு சண்டை போட வேண்டும் என்று பலர் நினைப்பு. ஸ்டீவன்ஸ் கையைக் கட்டிக் கொண்டு நிற்பார். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் பெரிய மாற்றம் தெரியாது.

அவருடைய ஆயுதம் கணக்கு. எதிரணி ஆட்டக்காரர் இடது பக்கம் போனால் எத்தனை தடவை பந்து விழுகிறது, வலது பக்கம் போனால் எத்தனை தடவை, எந்த இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் பலம், எப்போது பலவீனம் என்று புள்ளிவிவரம். டேப் பார்த்துக் குறிப்பு எடுத்த பழக்கம் வீண் போகவில்லை. பின்னாளில் புள்ளிவிவரம் பார்ப்பதற்கென்றே ட்ரூ கேனன் என்ற இளைஞரை வேலைக்கு வைத்தார். கல்லூரி அணிகளில் அது அபூர்வம்.

இன்னொன்று, 'பட்லர் வழி' என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அடக்கம், ஆர்வம், ஒற்றுமை, சேவை மனப்பான்மை, நன்றி. இந்த ஐந்துதான். சுவரில் எழுதி வைக்கிற வாசகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இவர்கள் அதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். திறமை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அணிக்கு ஒத்து வருகிற பையன் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

2010 ஏப்ரல் 5: மூச்சு நின்ற இரவு

அமெரிக்காவில் மார்ச் மாதம் வந்தால் பித்துப் பிடித்து விடும். 'மார்ச் மேட்னஸ்' என்றே பெயர். நாடு முழுவதிலும் இருந்து தேர்ந்தெடுத்த கல்லூரிகள் ஒரே ஆட்டம், தோற்றால் வீடு என்ற கணக்கில் மோதும். 2010-ல் 65 அணிகள். அடுத்த ஆண்டு அது 68 ஆனது.

பட்லருக்கு எவரும் பெரிய வாய்ப்புக் கொடுக்கவில்லை. நாலாயிரம் சொச்சம் மாணவர் படிக்கிற சின்னப் பல்கலைக்கழகம். ஆனால் பையன்கள் ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள். டெக்சாஸ் எல் பாசோ போனது. மர்ரே ஸ்டேட்டை 54-52 என்று தாண்டினார்கள். முதல் தர வரிசையில் இருந்த சிரக்யூஸ் 63-59-ல் விழுந்தது. கன்சாஸ் ஸ்டேட்டும் போனது. செமி பைனலில் மிச்சிகன் ஸ்டேட் 52-50.

தொடர்ந்து 25 வெற்றி. பைனல்!

பைனல் எங்கே தெரியுமா? அதே இண்டியானாபோலிஸ் நகரில்! பட்லர் கல்லூரியில் இருந்து பத்து கிலோ மீட்டர் தூரம்தான். பைனல் அன்று காலையில் பட்லர் பையன்கள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். இரவில் 70 ஆயிரம் பேர் முன்னால் மேட்ச்!

எதிரே டியூக் பல்கலைக்கழகம். அதன் கோச் மைக் ஷஷெவ்ஸ்கி, வயது 63, ஏற்கனவே மூன்று தடவை சாம்பியன். இந்தப் பக்கம் ஸ்டீவன்ஸ், வயது 33. ஷஷெவ்ஸ்கி டியூக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருந்த வயது அதே 33.

கடைசி நிமிடம் வரை இழுபறி. டியூக் 60, பட்லர் 59. பட்லரின் கார்டன் ஹேவர்ட் ஓரத்தில் இருந்து பந்தை எறிந்தார். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. டியூக் ஆட்டக்காரர் பிடித்தார். பவுல். மிச்சம் 3.6 நொடி.

இரண்டு ப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தது. 61-59. இரண்டாவதை வேண்டுமென்றே தவற விட்டார்கள். நேரம் ஓடட்டும் என்று தந்திரம்!

பந்து ஹேவர்ட் கையில். ஓடினார். மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கத்தில் இருந்து தூக்கி எறிந்தார். அரங்கமே எழுந்து நின்றது. பந்து போகிறது... போகிறது... பலகையில் பட்டது. வளையத்தில் பட்டது. உள்ளே போகிற மாதிரி இருந்தது.

வெளியே விழுந்தது.

ஒரு சில அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் சரித்திரமே வேறு. இப்போதும் அமெரிக்காவில் இரண்டு பேர் டீ குடித்துக் கொண்டே அந்தப் பந்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஒரே மாதம், இரண்டு தலையெழுத்து

இதே நேரத்தில் இன்னொரு சங்கதி நடந்தது. பலர் கவனிக்கவில்லை.

பெரிய சம்பளத்துக்கு அயோவா போனாரே லிக்லைட்டர், ஸ்டீவன்சுக்கு நாற்காலி விட்டுப் போனவர், அவர் என்ன ஆனார்?

மூன்று ஆண்டில் 38 வெற்றி, 58 தோல்வி. 2010 மார்ச் மாதம் வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அவர் விட்டுப் போன அணி பைனலுக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்னால்!

2007-ல் நாட்டின் சிறந்த கோச் என்று மாலை போட்டார்கள். 2010-ல் நடையைக் கட்டச் சொன்னார்கள். இதுதான் இந்த உத்தியோகம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் கவர்னரை விட அதிகம் வாங்குகிறவர் யார் என்று பார்த்தால், அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து கோச்சாகவோ கூடைப்பந்து கோச்சாகவோ இருப்பார். ஆனால் இரண்டு சீசன் சறுக்கினால் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

ஸ்டீவன்ஸ் இதைப் பார்த்தாரோ என்னவோ, பைனல் முடிந்த மூன்றாம் நாளே பட்லரோடு நீண்ட கால ஒப்பந்தம் போட்டார். 2022 வரைக்கும்! எந்தப் பெரிய கல்லூரிக்கும் ஓடவில்லை.

மறுபடியும் பைனல், மறுபடியும் தோல்வி

ஹேவர்ட் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய் விட்டார். "ஒரு தடவை நடந்தது, அவ்வளவுதான்" என்றார்கள். 2011 பிப்ரவரி ஆரம்பத்தில் பட்லர் 14 வெற்றி, 9 தோல்வி. தொடர்ச்சியாக மூன்று மேட்ச் தோல்வி. போட்டிக்குள் நுழைவதே சந்தேகம்.

அங்கிருந்து தொடர்ந்து 14 வெற்றி! முதல் சுற்றில் ஓல்டு டொமினியனை 60-58. பிட்ஸ்பர்க்கை 71-70. புளோரிடாவைக் கூடுதல் நேரத்தில் 74-71. எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு.

செமி பைனலில் எதிரே இன்னொரு சின்னக் கல்லூரி, வி.சி.யூ. அதன் கோச் ஷாக்கா ஸ்மார்ட். அவருக்கு 33 வயது. ஸ்டீவன்சுக்கு 34. தேசிய செமி பைனலில் இரண்டு இளைஞர்கள்! பட்லர் 70-62.

பைனலில் கனெக்டிகட். அதன் கோச் ஜிம் கால்ஹூன், வயது 68. அன்று பட்லர் பையன்களுக்கு என்ன ஆனதோ, பந்து விழவே மாட்டேன் என்றது. 64 தடவை எறிந்ததில் விழுந்தது 12! பைனல் சரித்திரத்திலேயே அவ்வளவு மோசம் கிடையாது. 53-41 தோல்வி.

அடுத்தடுத்து இரண்டு பைனல், இரண்டும் கையை விட்டுப் போனது. ஆனால் 34 வயதுக்குள் இரண்டு தடவை கடைசி நாலு அணிகளில் ஒன்றாக வந்த கோச் அவருக்கு முன் யாரும் இல்லை.

பாஸ்டன் அழைத்தது

ஆறு சீசனில் பட்லருக்கு அவர் கொடுத்தது 166 வெற்றி, 49 தோல்வி. 2013 ஜூலை 3-ந் தேதி யாரும் எதிர்பாராத செய்தி. பாஸ்டன் செல்டிக்ஸ் கிளப் அவரைக் கோச் ஆக்கியது! ஆறு ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. வயது 36. அப்போது என்.பி.ஏ. கோச்சுகளில் அவர்தான் இளையவர்.

கல்லூரிப் பையன்களை மேய்ப்பது வேறு, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களை மேய்ப்பது வேறு. கல்லூரியில் கொடி நாட்டி விட்டு அங்கே போய்க் குப்புற விழுந்த கோச்சுகள் பலர். ஸ்டீவன்சும் முதல் ஆண்டில் 25 வெற்றி, 57 தோல்வி. அடி பலம்தான்.

ஆனால் கிளப் பொறுமையாக இருந்தது. அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு ஆண்டும் பிளே-ஆப் சுற்று. மூன்று தடவை செமி பைனல் மாதிரியான கிழக்குப் பிரிவு பைனல். சாம்பியன் பட்டம் மட்டும் எட்டவில்லை.

2017-ல் பழைய சிஷ்யன் ஹேவர்ட் செல்டிக்சுக்கு வந்தார். குருவும் சிஷ்யனும் மறுபடி சேர்ந்தார்கள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். முதல் மேட்ச். ஆரம்பித்துச் சில நிமிடம்தான். குதித்து இறங்கும்போது ஹேவர்டின் கணுக்கால் பிசகி எலும்பு முறிந்தது. அந்த சீசனே போனது. என்ன கணக்குப் போட்டாலும் இதற்குக் கணக்கு உண்டா?

மேட்சை விட்டு ஓடிய கோச்

ஸ்டீவன்ஸ் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு வெற்றிக் கணக்கை விட இது போதும்.

பட்லரில் அவரிடம் ஆடியவர் ஆண்ட்ரூ ஸ்மித். 2011 பைனலில் ஆடிய அணியில் இருந்தவர். பிற்பாடு புற்றுநோய் வந்தது. 2016 ஜனவரியில் நிலைமை மோசம் என்று தகவல் வந்ததும் ஸ்டீவன்ஸ் இண்டியானாபோலிசுக்குப் பறந்தார். அன்று செல்டிக்சுக்கு மேட்ச். உதவிப் பயிற்சியாளரிடம் அணியை விட்டு விட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 12-ந் தேதி, ஆண்ட்ரூ ஸ்மித் காலமானார். வயது 25.

அணியை விட்டுப் போன பையனுக்காக என்.பி.ஏ. மேட்சை விட்டு ஓடியவர் எத்தனை பேர்?

கோச் சட்டையைக் கழற்றினார்

2021 ஜூன் 2-ந் தேதி இன்னொரு திருப்பம். செல்டிக்சின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் டேனி ஐஞ்ச் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஸ்டீவன்ஸ்! 44 வயதில் கோச் வேலையை விட்டு விட்டு மாடிக்குப் போனார். இனி ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, கோச்சை நியமிப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

அடுத்த ஆண்டு 2022 செப்டம்பரில் சோதனை. சீசன் தொடங்கப் போகும் நேரத்தில் கோச் இமே உடோகாவைக் கிளப் சஸ்பெண்டு செய்தது. அவசரமாக ஆள் வேண்டும். யாரைப் போட்டார் தெரியுமா? உதவியாளர் வரிசையில் இருந்த ஜோ மஸூலா. வயது 34!

"இந்தப் பையனா?" என்று மறுபடி கேட்டார்கள். 2007-ல் பாரி காலியர் செய்த காரியத்தையே ஸ்டீவன்ஸ் செய்தார்.

அத்துடன் டெரிக் வைட், போர்சிங்கிஸ், ஜூரு ஹாலிடே என்று ஒவ்வொருவராகக் கொண்டு வந்து அணியைக் கட்டினார். 2024 ஜூன் 17-ந் தேதி டல்லாஸ் அணியை 4-1 என்ற கணக்கில் வீழ்த்தி செல்டிக்ஸ் சாம்பியன்! அந்த கிளப்புக்கு அது 18-வது பட்டம். என்.பி.ஏ.யில் வேறு எந்த கிளப்பும் அதுவரை அவ்வளவு வாங்கியது கிடையாது. அதே ஆண்டில் சிறந்த நிர்வாகி என்ற விருதும் ஸ்டீவன்சுக்குக் கிடைத்தது.

கோச்சாக எட்டாத பட்டம், கோச்சை நியமித்தவராக எட்டியது.

இப்போதைய பையன்கள்

இளம் கோச் என்பது புதிதல்ல. பாபி நைட் 1965-ல் ராணுவக் கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது வயது 24. அவரிடம் ஆடிய ஷஷெவ்ஸ்கி அதே நாற்காலிக்கு 1975-ல் வந்தபோது 28.

2022-ல் ஷஷெவ்ஸ்கி ஓய்வு பெற்றார். டியூக்கின் அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜான் ஷையர், வயது 34. யார் இவர்? 2010 பைனலில் பட்லரைத் தோற்கடித்த டியூக் அணியின் ஆட்டக்காரர்! 2025-ல் புளோரிடாவை சாம்பியன் ஆக்கிய கோச் டாட் கோல்டனுக்கு வயது 39.

ஆனால் ஸ்டீவன்ஸ் ஏறிய ஏணி இப்போது அதே ஏணியா? இல்லை. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் தோன்றிப் பணம் வாங்கலாம். 2025-ல் கோர்ட்டு ஒப்புதல் தந்த உடன்பாட்டின்படி கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு கல்லூரி மாறுவதும் சுலபம். நாலு வருஷம் ஒரே பையனை வைத்து மெதுவாகச் செதுக்கிய காலம் மலை ஏறி விட்டது. இன்றைய கோச்சுக்கு ஆட்டமும் தெரிய வேண்டும், பேரமும் தெரிய வேண்டும்.

சின்னக் கல்லூரிக்கு இது கஷ்டம். நன்றாக ஆடுகிற பையனைப் பெரிய கல்லூரி அடுத்த வருஷமே பணம் காட்டி அழைத்துக் கொண்டு போய் விடும். பட்லர் மாதிரி ஒரு சின்ன இடம் அடுத்தடுத்து இரண்டு பைனல் போவது இனிமேல் நடக்குமா என்று அங்கே பலருக்குச் சந்தேகம்.

படிக்கிறவர்களுக்கு

நாளைக்கே எல்லாரும் ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள் என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை! ஸ்டீவன்ஸ் மாதிரி வேலையை விட்டுப் போய், காலி இடம் விழாமல், மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை. அவருக்கு 23 வயது, கையில் டிகிரி, பின்னால் ஒரு குடும்பம், பக்கத்தில் சட்டம் படிக்கும் துணை. இத்தனையும் இருந்ததால்தான் துணிந்தார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கவர் ஒட்டிய ஏழு வருஷத்தில் அவர் ஆட்டத்தைப் படித்துக் கொண்டே இருந்தார். நாற்காலி காலியானபோது படித்து முடித்திருந்தார்.

கடைசியாக ஒரு துணுக்கு. ஸ்டீவன்சை முதன்முதலில் உள்ளே விட்ட தாட் மாட்டா, சேவியர், ஒஹையோ ஸ்டேட் என்று பெரிய இடங்களில் எல்லாம் ஜெயித்து, முதுகு வலியால் ஒதுங்கி இருந்து, 2022-ல் எங்கே கோச்சாகத் திரும்பினார் தெரியுமா?

பட்லருக்கே!